நாலாவது நிபந்தனை

முட்டத்தில் ஏலம் முடிகிற நேரம் பார்த்துத்தான் போவேன்.
சாளைச் செதில் ஒட்டிய கன்னத்தை
ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு
காலிப்பரின் கால்களை வைப்பேன்:
மூக்கு முளைக்கும் பள்ளத்தில் ஒன்று,
தாடையின் அடிநுனியில் ஒன்று.
நூற்றுப் பதினொன்று புள்ளி நாலு.
"என்ன பிள்ளே, தங்கமா அளக்குத?" என்றாள் சூசைமரியாள்.
"கூடுதல் உண்டுண்ணா வெட்டி எடுத்துக்க."
சிரித்ததில் எல்லாம் இடம் மாறிவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.

பூதப்பாண்டியில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து,
அளவெடுக்குமுன் கேட்டார்கள்:
"நீங்க என்ன ஆளுக?"
என் படிவத்திலும் அதே கேள்விதான்,
கொஞ்சம் மரியாதையான எழுத்துருவில்.

கோதையாற்றுக்கு மேலே, காணிக் குடியில்,
நாற்பது பேர் வேண்டும்; முப்பத்தொன்பது கிடைத்தார்கள்.
ரப்பர் பால் எடுத்து வந்த ஈச்சன்
கண்ணை மூடி முகத்தை நீட்டினான்,
சவரக்காரரிடம் நீட்டுவதுபோல.
பிறகு கருவியை வாங்கி
தன் கட்டைவிரலை அளந்தான்,
ஒரு மிளகை அளந்தான்,
என் மூக்கருகே கொண்டுவந்து
"ஒங்களுக்கு எத்தற உண்டு?" என்றான்.
ஜீப்புக்கு நேரமாச்சு என்றேன்.

நேரம் இருந்தது.
நிபந்தனை நாலு:
தாயும் தந்தையும் ஒரே சமூகத்தவராய் இருத்தல்,
குறைந்தது இரண்டு தலைமுறைக்கு.
தட்டச்சு செய்தவள் நான்.

அம்மை முட்டத்துக்காரி.
அப்பா பூதப்பாண்டி.
தக்கலையில் பதிவு,
சாட்சிக்கு அப்போது கிடைத்த ஓர் ஆட்டோக்காரர்.

காலிப்பர் இல்லாமல்தான் முதலில் என்னை அளந்தார்கள்.
பதினோரு மாதம் கழித்து எட்டிப்பார்த்த அத்தை
தொட்டிலில் குனிந்து
"மூக்கு நம்ம மூக்கு" என்றாளாம்.
மூக்குக்காக ஒரு ஜோடிக் கொலுசு வந்தது.
சிலுவை மாமா கடற்கரையிலிருந்து வந்து
"அப்பனுக்க நெத்தி, அப்பிடியே" என்று
நெற்றியை எடுத்துக்கொண்டார்.
தாடையை யாரும் கேட்கவில்லை.
அது என்னிடமே இருந்தது.

ஆறு மாதம், மூன்று நிரல்கள்.
கடலுக்கும் வயலுக்கும் இடையில், முக உயரத்தில்,
ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
ஒரு சம்பா அரிசியின் அகலம்கூட இல்லை.
அதைத் தாண்டத்தான் அம்மை
செருப்பைக் கையில் பிடித்தபடி
ராத்திரி பஸ் ஏறினாள்.
'குறிப்பிடத்தக்க வேறுபாடு அன்று' என்று எழுதினேன்.
வழிகாட்டி சிவப்பு மையில் கீழே எழுதினார்:
மாதிரி எண்ணிக்கையைக் கூட்டவும்.

நேற்று இரவு விடுதிக் குளியலறையில்
ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு
எனக்கு நானே வைத்துப் பார்த்தேன்.
இரும்பு குளிர்ந்தது.
கை நடுங்கியதால் மூன்று தரம் எடுத்து
சராசரி போட்டேன், முறைப்படி.

படிவத்தில் ஏற்றவில்லை. ஏற்றக் கட்டம் இல்லை.

நாளை மறுபடி மலைக்கு.
நாற்பதாவது ஆள் தேன் எடுத்துவிட்டு
இறங்கியிருப்பான் என்கிறார்கள்.
ஈச்சன் மறந்திருக்கமாட்டான்.
கேட்டால் சொல்ல
புள்ளியோடு சேர்த்து
மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.