அடிக்கட்டை

அடிக்கு ஒன்றரை ரூபாய்.
காலை ஆறிலிருந்து மறுநாள் ஆறு வரை ஒரு நாள் கணக்கு.
ஆறு அஞ்சுக்குக் கயிறு அவிழ்த்தாலும் இரண்டு நாள்தான்.
பக்கத்துப் படகோடு சேர்த்துக் கட்டினால்
வெளிப்படகுக்குப் பாதி.
பாலத்துத் தூணில் கட்டக் கூடாது.
உப்பனாற்றங்கரையில், ஐஸ் பேக்டரிச் சுவரில்
நீலப் பெயின்ட்டில் எல்லாம் இருக்கிறது.
எட்டாவது விதி மட்டும் கல்யாணப் போஸ்டருக்கு அடியில்.
அது என்னவென்று குத்தகைக்காரருக்கே தெரியாது.
நான் ரசீது கிழிக்கிறவன்.

தேசிங்கு டேப்பின் நுனியை அணியத்தில் பிடிக்க மாட்டார்,
ஒரு சாண் உள்ளே தள்ளித்தான்.
கஸ்பாரின் படகு, நான் வரும் நேரம் பார்த்து
அக்கரைக்குப் போய்விடும்.
அஞ்சலாட்சி ஏமாற்றியதில்லை.
"இன்னைக்கு இல்ல தம்பி" என்பாள்.
சில நாள் கவரில் நாலு கிழங்கான்,
சில நாள் அதுவும் இல்லை.
"சரி போ" என்பேன்.
பதினான்கு மாதம் இப்படி.

கார்த்திகைப் புயலில்
படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
(எதற்கு முழுசு, எதற்குப் பாதி?)
அவளுடையது கட்டிய இடத்திலேயே மூழ்கியது.
தண்ணீர் வற்றும்போது அணியம் மட்டும் தெரியும்,
நீந்துகிற நாயின் மூக்கு மாதிரி.
போஸ்டர் கிழிந்து எட்டாவது விதியும் வெளியே வந்தது:
மூழ்கிய படகை உரியவரே ஏழு நாளில் அகற்ற வேண்டும்.

உரியவர் என்பதற்குத்தான் அவளிடம் தாள் இல்லை.
பதிவு, குவைத்திலிருக்கும் அண்ணன் பெயரில்.
நம்பர், தண்ணீருக்குள்.
துறையில் கட்டிய ரசீதாவது கொண்டு வா என்றார்களாம்
நிவாரண ஆபீசில்.

வந்தாள். மடியிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள்.
"ஐப்பசி, கார்த்திகை ரெண்டுக்கும் கட்டிடறேன். எழுதிக் குடு."

அடிக்கட்டைகளைப் புரட்டினேன்.
தேசிங்கு இருக்கிறார், முப்பதுக்கு இருபத்தொன்பதாய்.
கஸ்பார்கூட இருக்கிறான், நாலு நாள்.
என் "சரி போ" ஒன்றுகூட இல்லை.
எண்கள் வரிசையாக ஓடுகின்றன,
நடுவில் ஒரு தாளை நான் விட்டு வைக்கவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு போனோம்.
அணியத்தில் அவள் பிடித்தாள், சரியாக நுனியில்.
மறுமுனையோடு இறங்கினேன்.
இடுப்பு. மார்பு. பிறகு காலால் துழாவி,
சேற்றில் விளிம்பு தட்டும் வரை.

இன்றைய தேதி.
நீளம் இருபத்தெட்டு அடி.
நாற்பத்திரண்டு ரூபாய்.
குறிப்பு என்ற இடத்தில், ஈரக் கையால்:
கயிறு கட்டியபடி இருக்கிறது. படகு அடியில்.

"இது செல்லுமா?"
"தெரியாது."

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள்.
மீதி எட்டு. சில்லறை இல்லை என்னிடம்.

"நாளைக்கும் இங்கதானே நிக்கும்,
அதுல கழிச்சிக்க."