விரயம்

ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து.
திறந்தால் ஆறு மணித்தியாலம்,
பிறகு அது வெறும் தண்ணீர்.
முத்தையன்கட்டுக் கிளினிக்கில் இன்று மூன்றாம் புதன்.
வந்தது நாலு பிள்ளைகள்.

காத்திருக்கிறேன்.
வாய்க்கால் கரையால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது,
நிற்காமல் போகிறது.

“கொஞ்சமாய்ப் பெறச்சொல்லித்தானே மிஸி
சுவரிலை படம் ஒட்டினனீங்கள்?”
ரதிமலர் சிரிக்கிறாள்.
ஓமோம், படம் இன்னும் இருக்கிறது.
அப்பா நின்ற பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.

பழைய பதிவேடுகளில் ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.
உரப்பையில் சுற்றி மாத்தளன்வரை சுமந்தது,
முகாமில் தலைக்கு வைத்துப் படுத்தது.
கடைசி இரண்டு வருஷமும்
அது ஊதிப் பெருத்திருக்கிறது.
வீட்டுக்கொருவர் கேட்டு வந்த நாட்கள்;
பதினாறு வயதுப் பெட்டைகளுக்கு
அவசர அவசரமாய்த் தாலி.
வயது பதினெட்டு என்று எழுதியது நான்.
எல்லாருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பொய்.
பாலைமரக் கொப்பில் தராசைக் கட்டி
நிறுத்துக்கொண்டே இருந்தேன்:
இரண்டு எண்ணூறு. மூன்று. இரண்டு நானூறு.

பிறகு பக்கங்கள் வெள்ளை.

செத்தவர்களை யார்யாரோ எண்ணினார்கள்.
ஒருவர் கணக்கை மற்றவர் ஒப்பவில்லை.
நான் அதற்குள் போகவில்லை.
எனக்குத் தெரிந்தது நிறை, உயரம், அடுத்த தவணைத் திகதி.
அடுத்த தவணைத் திகதிகளைப் பென்சிலால் குறித்திருந்தேன்.
வைகாசி இருபது. ஆனி மூன்று.
பென்சில் இன்னும் அழியவில்லை.

இரண்டு நானூறு என்பது கலைவிழி.
இடது காலில் ஒரு விரல் மற்றதன்மேல் ஏறிக் கிடக்கும்.
இருந்திருந்தால்
இப்போது இந்த வாங்கில் இருந்திருப்பாள்,
மடியில் ஒன்றோடு, என்னைப் பயந்து பார்த்தபடி.
அந்த ஒன்றுக்கும் சேர்த்துத்தான்
இந்தக் குப்பியை நிரப்பியிருக்கிறார்கள்.

போகம் அழிந்தால்
விதைநெல்லுக்குப் பக்கத்து ஊரில் கடன் கேட்கலாம்.
பக்கத்து ஊர் மிஸியும் என்னைப்போல
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூட அதிபர் மாதமொருக்கா வருவார்,
பிரஷர் பார்க்க என்று.
கையை நீட்டியபடி கேட்பார்:
“தைக்கு முதலாம் வகுப்புக்கு எத்தினை தேறும்?”
ஒன்பது என்றேன்.
உதட்டுக்குள் ஏதோ கூட்டினார்.
ஐந்து வருஷம் தாண்டிய தைக்கும் என்னால் சொல்ல முடியும்,
அவர் கேட்கவில்லை.
நூற்று அறுபது காட்டியது, உப்பைக் குறையுங்கோ என்றேன்.

கிளினிக் கூட்டுகிறவள் அருந்தவச்செல்வி.
என் வயதுதான், நாற்பத்து நாலு.
அவளுக்குப் பேசி வைத்திருந்தவன்
இரணைப்பாலையில் தண்ணீர் எடுக்கப் போனவன்.
எந்தப் பிள்ளை ஊசிக்கு அழுதாலும்
தும்புத்தடியைப் போட்டுவிட்டு முதலில் ஓடுவது அவள்.
அவள் பெயரில் ஒரு அட்டைகூட நான் எழுதியதில்லை.

நாலாவது பிள்ளையின் தாய் நிலானி.
பதுங்குகுழிக்குள் பிறந்தவள்;
நிறை எழுதத் தாள் இல்லாமல்
பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதினேன்.
இன்று அவள் பிள்ளை ஏழு கிலோ எழுநூறு.
எனக்குக் கண் கலங்கியது உண்மைதான்.
“அட்டையை மாத்தித் தாங்கோ மிஸி,
அடுத்த மாதம் கொழும்புக்குப் போறம்,
இவர் ருமேனியாவிலையிருந்து எங்களையும் கூப்பிடுறார்.”
மாற்றிக் கொடுத்தேன்.
அடுத்த குப்பிக்கு மூன்று.

இரண்டரை மணி.
படிவத்தில் கட்டங்கள் தயாராய் இருக்கின்றன.
திறந்தது பத்து. ஏற்றியது நாலு. விரயம் ஆறு.
காரணம்?
சித்திரையில் ‘மழை’ என்று எழுதினேன்.
வைகாசியில் ‘வற்றாப்பளைப் பொங்கல்’.
இன்று நல்ல வெயில்,
ஒரு கோயிலிலும் கொடி இல்லை.

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன்.
அருந்தவச்செல்வி குப்பியை எடுத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.
“இவ்வளவும் கிடக்கே, மிஸி.”