அறுநூறு லிட்டர்

விலை பேசும்போது
பின்பக்கம் தொய்ந்திருப்பதைத்தான் முதலில் காட்டினேன்.
வில்பட்டைகள் களைத்துவிட்டன,
இருநூறு யூரோ குறையுங்கள் என்றேன்.
அடெரித்து வண்டியைப் பார்க்கவில்லை.
என் காலணிகளைப் பார்த்தார்.
குறைத்தார்.

இது ஐந்தாவது.
முதல் வண்டி மின்வாரியத்தில் வேலை பார்த்தது.
மேலே ஏணி வைக்கும் சட்டம்,
இருக்கைக்கு அடியில் ஒற்றை ரப்பர் கையுறை, இடது கை.
வலது எங்கே என்று கேட்டுக் கடிதம் போட்டேன்.
லியோனெல் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.
அடுத்தது தார் போட்டது;
வெயில் ஏறினால் முற்றத்தில் சாலை மணக்கும்,
கோழிகள் அந்தப் பக்கம் போகா.
மற்ற இரண்டையும் சொன்னால் நீளும்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
சம்பளத்தில் பாதி துருவுக்குப் போகிறது.
நசுங்கலை நிமிர்த்த மாட்டேன்.
ஏதோ ஒரு மரமோ மாடோ சம்பந்தப்பட்ட விஷயம்,
அவற்றைக் கேட்காமல் எப்படி?

இது சிவப்பு. லேண்ட் ரோவர், நீள உடல்.
பெய்ரா மலையில் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்று
பதினேழு கோடை ஓட்டிவிட்டுக்
கொட்டகையில் தள்ளியது.
கூரையில் சங்கு இருக்கிறது,
பொத்தானை அழுத்தினால் தொண்டை கட்டிய ஆடு.
வலக் கதவில் மட்டும் சாயம் கொப்புளித்திருக்கிறது,
இடக் கதவு நேற்று அடித்தது போல.

இழுத்து வரும்போது ஏற்றத்தில்
என் டிராக்டர் அழுதது.
பழைய இரும்பு கனக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் தொட்டியின் வால்வுக்கு வந்தேன்.
எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் ஊறவிட்டேன்.
ஸ்பானரில் ஒரு மீட்டர்க் குழாயைச் செருகி
லியோனெலும் நானும் தொங்கினோம்.
கிர்ரென்று ஒரு சத்தம்,
பிறகு
தண்ணீர்.

முதலில் தேநீர் நிறம், பிறகு செங்கல், பிறகு
ஏன் என்று தெரியவில்லை, தெளிவு.
என் காலணிக்குள் போனது, முற்றத்தைக் கடந்தது,
பக்கத்து வீட்டு உருளைக்கிழங்குப் பாத்தியில்
வழி கேட்காமல் நுழைந்தது.
வாளிவாளியாக அளந்தேன், அளக்காமல் இருக்கத் தெரியாது எனக்கு.
நானூறு லிட்டர்.

வேடிக்கையாக இருக்கும் என்றுதான் அடெரித்துவுக்கு அழைத்தேன்.
உங்கள் வண்டியில் தண்ணீர் இருந்தது,
முப்பது வருடத் தண்ணீர்.

எவ்வளவு, என்றார்.

சொன்னேன்.

அறுநூறு இருந்தது, என்றார்.

அடுப்பில் ஏதோ கொதித்து வழியும் சத்தம்
அவர் பக்கத்தில் கேட்டது. அவர் எழவில்லை.

கர்வல்யால் சந்து. இருபுறமும் கல்மதில்.
வலப்பக்கம் யூகலிப்டஸ்.
முந்நூறு மீட்டர் இருந்தது தியோலிந்தாவின் வீட்டுக்கு.
திரும்பு என்று ரேடியோவில் தலைவர். காற்று மாறிவிட்டது.
திரும்ப இடமில்லை.
பின்னோக்கியே ஓட்டினேன், ஒன்றரைக் கிலோமீட்டர்,
கண்ணாடியில் பார்த்தபடி.
முன்னால் பார்க்கவில்லை.

யாரும் சாகவில்லை, என்றார்.
ஒரு கோவேறு கழுதை. பதினொரு தேன்பெட்டி. கூரை.
தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.
தியோலிந்தா ஒயின் ஊற்றிக் கொடுத்தாள், கரி அப்பிய கையால்.
குடித்தேன்.
அன்று இரவே வால்வை இறுக்கியது நான்தான்.
குழாய் செருகித்தான் நானும் தொங்கினேன்.

பாத்தியில் போய்விட்டதா, என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
எதன் பாத்தி?
உருளைக்கிழங்கு.
சரி, என்று வைத்துவிட்டார்.

மறுநாள் உறைபனி.
முற்றத்தில் வண்டி வேறு மாதிரி நின்றது.
நாடாவை எடுத்துப் போய் அளந்தேன்:
பின்பக்கம் நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது.
வில்பட்டைகளில் ஒரு குறையும் இல்லை.

இருநூறு யூரோவை உறையில் போட்டு அனுப்பினேன்.
இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது,
உறை பிரிக்கப்படாமல்,
என் முகவரி மட்டும்
பெரிய எழுத்துகளில், மிகக் கவனமாக எழுதப்பட்டு.