பதினான்கு புள்ளி மூன்று

வின்டர்த்தூர். மார்ச். காலை ஆறரை.
பட்டறை வாசலில் பனி உருகிச் சேறாகிக் கிடக்கிறது.
உள்ளே இரண்டு மரத்தாங்கிகளின் மேல்
ஒன்பது மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது கலன்,
ஒரு பட்டாணி ஆலைக்கு நீராவி சேர்த்துவைக்கப் போவது.
இதுவரை யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை.

அதை நம்பாமலிருப்பது என் வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

தகட்டோடு வந்த காகிதத்தில் ஓர் எண்,
தகட்டின் மேலும் அதே எண், குத்தியது.
வெட்டும்போது பிரியும் துண்டிலும் குத்த வேண்டும்.
ஒன்றில் மறந்துவிட்டார்கள்.
நல்ல இரும்பாகத்தான் இருக்கும்,
ஆனால் எந்த உலையில் பிறந்தது என்று சொல்ல ஆளில்லை.
ஒதுக்கச் சொன்னேன்.
ஃபோர்மன் ரேட்டோ ஹுன்ஸிக்கர்
அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு எக்ஸ்ரே படம்.
நெடுக்குத் தையலில்,
வட்டத் தையலைவிட இரண்டு பங்கு இழுபடுகிற இடத்தில்,
கறுப்பாக ஒரு மயிரிழை.
படத்தில் ஒட்டிய தூசியோ என்று ஊதிப் பார்த்தேன்.
தூசியில்லை.

ஆர்பனோர் வந்தான். விளக்குப் பெட்டியின் முன் குனிந்தான்.
யாரும் எதையும் கேட்கவில்லை.
"அன்று மகளிடமிருந்து போன் வந்தது.
வெளியே போய்ப் பேசினேன். தகடு ஆறிவிட்டது.
மறுபடி சூடேற்றாமல் தொடங்கினேன்."

இப்படி ஒரு வாக்கியத்தை எழுத
எங்கள் படிவங்களில் எங்கும் கட்டம் இல்லை.

தோண்டினான்.
சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை பூசி நின்றோம்.
வெள்ளையில் சிவப்பு கசிந்தது.
இன்னும் தோண்டினான்.
மூன்றாம் முறை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
சூடேற்றி நிரப்பினான். போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
படம் புதிதாக எடுத்தோம்.

இன்று தண்ணீர்.

ஏன் காற்றில்லை என்று
பயிற்சிக்கு வந்தவர்கள் கேட்பார்கள்.
காற்றை அமுக்கினால் வன்மம் வைத்துக்கொள்ளும்,
ஒரு வழி கிடைத்தால் கூரையோடு போகும்.
தண்ணீர் மனதில் வைத்துக்கொள்வதில்லை.
பிளந்தால் தரையை நனைத்துவிட்டு நின்றுவிடும்.
ஆனால் சில்லென்று ஊற்றக்கூடாது.
குளிரில் இரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும்.
உச்சிக் குழாயைத் திறந்துவைத்து
கடைசிக் குமிழி வெளியேறும்வரை காத்திருந்தோம்.

ஆயுள் முழுக்கப் பத்து தாங்கினால் போதும்.
இன்று ஒருநாள் பதினான்கு புள்ளி மூன்று.
முப்பது நிமிடம்.
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் எல்லோரும்.
ஆர்பனோரின் கைகள் சட்டைப்பைக்குள்.

பத்தொன்பதாவது நிமிடம்
முள் இறங்கியது. ஒரு நகத்தின் அளவு.
எல்லாக் கண்களும் அந்தத் தையலுக்குப் போயின.
அவனுடையவை மட்டும் தரைக்கு.

பத்துக்கு இறக்கச் சொன்னேன்,
பிறகுதான் கிட்டே போகலாம்.
தையல் உலர்ந்திருந்தது. விரலால் தடவினேன், காகிதத்தால் ஒற்றினேன்.
சொட்டியது எங்கள் பம்பின் வால்வு.
சோதிக்க வந்ததே ஒழுகுகிறது.

இறுக்கினோம்.
"பத்தொன்பதும் பதினொன்றும் முப்பதுதானே, ஃபிராவ் தவரூபன்?"
என்றார் ரேட்டோ.
கூட்டல் சரி, என்றேன்.
பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம்.

முப்பது நிமிடம் முள் அசையவில்லை.
ஒரு நல்ல கலன் செய்வதெல்லாம் இவ்வளவுதான்:
எதுவும் நடக்கவிடாமல் இருப்பது.
பார்த்துக்கொண்டிருக்க அலுப்பாக இருக்கும்.

பெயர்ப்பலகையில் முத்திரை குத்தியபோது
சுத்தியல் ஓசைக்கு ரேட்டோ தலையாட்டினார்.
வடிகாலில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றியபடி கேட்டேன்,
அன்று மகளுக்கு என்ன?

"பல் விழுந்தது," என்றான் ஆர்பனோர்.
"முதல் பல். உடனே சொல்ல வேண்டுமாம்."