மூன்று மணி நேரக் கர்தினால்

முன்னால் பொத்தான் இல்லை, முதுகில் ஊக்குதான்.
சௌகார்பேட்டை லைனிங் துணி, மீட்டர் அறுபது.
அதன்மேல் யாரோ ஒருத்தியின் அக்கா கல்யாணத்து வெள்ளை லேஸ்.
மோதிரம், புதுப்பேட்டை நட்டு;
சிவப்புக் கண்ணாடிக் கல்லை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தார்கள்.
எழும்பூர் ஓவியக் கல்லூரியில்
இன்று நான் கர்தினால்.
சம்பளம் நானூறு, டீ தனி.

மாஸ்டர் ஒரு பழைய படத்தைக் காட்டினார்.
ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ரோமில் இருந்த ஒருவர்.
பேர் தெரியாதாம்.
"சாயாதீங்க வியாகுலம், அவர் சாயமாட்டார்.
நாற்காலிக் கையை எப்படிப் பிடிச்சிருக்கார் பாருங்க,
யாரோ பிடுங்க வர்ற மாதிரி."
பார்த்தேன்.
பீச் ஸ்டேஷனில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டவன் பிடி.

மூக்கு அரித்தது. சொறியவில்லை.
மின்விசிறி என்னைத் தவிர எல்லோருக்கும் சுற்றியது.
சாயம் இறங்கிக் கழுத்தில் ஒட்டியது.
பெந்தேகொஸ்தே அன்று சிவப்பு உடுத்தி நிற்கும்
எங்கள் பங்குச் சாமியாருக்கும்
இப்படித்தான் வியர்க்குமோ?

படத்தில் அவர் கையில் மடித்த கடிதம்.
"ஏதாவது பேப்பர் இருக்கா?"
அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப் பையைத் துழாவினேன்.
கூவம் கரையில் எங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனது:
பெரும்பாக்கம், எச் பிளாக், ஏழாவது மாடி.
பதினைந்து நாள் கெடு. ஒன்பது போய்விட்டது.

அதன்பிறகு உட்காருவது சுலபமாக இருந்தது.
மாஸ்டர்கூடக் குரலைத் தாழ்த்தினார்.
"அந்தக் கண்ணை விட்டுடாதீங்க.
அதிகாரம்னா இதான். ஒருத்தரையும் நம்பாது."

நாலு மணிக்கு மேடையிலிருந்து இறங்கிப் பார்த்தேன்.
பதினெட்டு நான், ஈரமாக.
ஒருவன் எனக்கு ரோமாபுரி மூக்கு வைத்திருந்தான்.
ஒருவன் என் கறுப்பைக் குறைத்திருந்தான்,
கேட்டதற்கு வெளிச்சம் என்றான்.
கடிதத்தில் ஆளாளுக்கு அரக்கு முத்திரை;
பாப்பரசரே கைப்பட எழுதியதுபோல.

ஜன்னலோரத்துப் பல்கீஸ் மட்டும் முத்திரை வைக்கவில்லை.
மடிப்புக்கு வெளியே தெரிந்ததை
அவள் பக்கம் தெரிந்தபடியே, தலைகீழாக வரைந்திருந்தாள்:
'ழாவது மா'.

"என்ன லெட்டர் அங்கிள் அது?"

"லத்தீன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மோதிரம் கழலாமல்
சோப்பு கேட்க வேண்டியதாயிற்று.