ஒப்படைத்த தோக்குகளின் பதிவேடு

தேர்தல் அறிவித்த மறுநாளே வரத் தொடங்கிவிடுவார்கள்.
சிலர் பழைய வேட்டியில் சுற்றி,
ஒருவர் ரப்பர் ஷீட்டில்,
பைக்கின் பின்னால் மரச்சீனிக் கம்போடு சேர்த்துக் கட்டி
ஒரு பையன்:
"அப்பாவுக்க தோக்கு. அப்பாவுக்கு மூட்டுவலி."

கடையாலுமூடு ஸ்டேஷனில் நீல மையில் எழுதுகிறேன்.
இரட்டைக் குழல். கட்டையில் வெடிப்பு.
உரிம எண், பெயர், தகப்பன் பெயர்.
காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.
பன்னி என்றுதான் சொல்வார்கள்.
பயிர்ப் பாதுகாப்பு என்றுதான் எழுத வேண்டும்.

றசலையன் கொண்டுவந்ததை
முறித்துப் பார்த்தேன்.
இடது குழலில் வெளிச்சம்.
வலது குழலில் பித்தளை.

சிரித்தார்.
"சவம், அதுல கிடந்துதா?
காலின்னுல்லா நெனச்சேன்."

எங்கே வைத்திருந்தீர்கள்?
"கட்டிலுக்க அடியில. வேற எங்க?"
வீட்டில் யாரெல்லாம்?
"மகன், மருமவ, ரெண்டு பிள்ளைய."

தோட்டா: ஒன்று. அதற்குக் கட்டம் இருக்கிறது.
காலின்னு நெனச்சேன் என்பதற்கு இல்லை.

*

தங்கச்சி பெல்சி ஓஹையோவில்
அவசரப் பிரிவு நர்ஸ்.
எனக்கு மாலை ஆறு, அவளுக்குக் காலை எட்டரை.
ராத்திரி டூட்டி முடிந்து
காரை எடுக்காமல் காருக்குள் உட்கார்ந்து கூப்பிடுவாள்.

மூன்று வயதுப் பையனாம்.
அம்மாவின் கைப்பையில் சூயிங்கம் தேடியிருக்கிறான்.
சாவிக்கொத்து, சீப்பு, மளிகை ரசீது,
அப்புறம் அது.
எதிரே அண்ணன் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தானாம்.

"அந்தம்மா ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தா அக்கா.
திரும்பத் திரும்ப.
காலின்னு நெனச்சாளாம்."

அவள் கேட்டது இங்கிலீஷில்.
எனக்காக நம் பேச்சில் மாற்றிச் சொன்னாள்.
மாற்றியிருக்க வேண்டாம்.

அங்கே தூண்டில் முள் விற்கும் கடையில்
அடுத்த வரிசையில் அதுவும் இருக்குமாம்.
எத்தனை வீட்டில் இருக்கும் என்றேன்.
"நீ எண்ணுவ. இங்க எண்ண விடமாட்டாவ."

நேயாவுக்கு ஸ்கூலில் பழக்குகிறார்களாம்:
லைட்டை அணைத்து, கதவைப் பூட்டி,
மேசைக்கு அடியில் மூச்சுக்கூட மெதுவாக.
சத்தம் வராதிருக்க
ஆளுக்கொரு கம்பு மிட்டாய் வாயில்.
"அவளுக்கு அந்த நாள் பிடிக்கும் அக்கா.
அன்னைக்கு மட்டும்தான் கிளாஸ்ல மிட்டாய்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
வைப்பர் ஓடும் சத்தம்.
மழையா என்று கேட்டேன்.
இல்லை என்றாள்.

*

முப்பத்தேழு.
தினம் இரண்டு தடவை எண்ணுகிறேன்.
சுவரில் வரிசையாய்ச் சாய்ந்து நிற்கின்றன,
ரேஷன் கடையில் நிற்பதைப் போல.
சாவி என் இடுப்பில்.
இந்த மலையடிவாரம் முழுக்க
எந்தக் கட்டிலுக்கடியிலும்
இப்போது செருப்பு, பழைய டிரங்குப் பெட்டி, தூசி.
இப்படியும் இருக்கலாம் போலிருக்கிறது
என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்தது.
றசலையன் வந்தார், பைக் டேங்க்மேல் சின்னவனை இருத்தி.

இவ்வளவு நாளும் பன்னி வந்ததா?
"வந்துது."
என்ன செய்தீர்கள்?
"தகரத்தத் தட்டினோம்."
போனதா?
"போச்சு. நாலு மூடு மரச்சீனியும் போச்சு."
அந்த நாலு மூட்டை
விரல் மடக்கி மறுபடி சொன்னார்.

வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்:
இரட்டைக் குழல் ஒன்று, தோட்டா ஒன்று,
பெற்றுக்கொண்டேன்.

முற்றத்தில் சின்னவன்
குழல் வாயில் கண்ணை வைத்து
"தாத்தா, உள்ள ஒண்ணும் தெரியல்ல" என்றான்.
"எடுல மக்கா, கை அழுக்காவும்."

தோட்டா என் மேசை இழுப்பறையில்,
ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் இருந்தது.
அவர் கேட்கவில்லை.
எத்தனை இருந்தது என்பதே அவருக்கு நினைவில்லை.
ஓடிப்போய்க் கொடுக்க வேண்டியது என் வேலை.

பைக் சத்தம்
களியல் வளைவு திரும்பும் வரைக்கும்
நான் எழுந்திருக்கவில்லை.