பதினெட்டு டிகிரி

வெளியே கத்திரி வெயில்.
உள்ளே மெஷினுக்குப் பதினெட்டு டிகிரி வேண்டுமாம்.
மெஷினுக்கு ஒத்துக்கொள்வது
தெய்வசிகாமணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்,
பல்லோடு பல் மோதக் கிடக்கிறார்.
ரத்தம் குழாய் வழியே வெளியே போய்
ஒரு சுற்றுச் சுற்றி
கொஞ்சம் குளிர்ந்துதான் வீடு திரும்புகிறது.

ஆஸ்பத்திரிப் போர்வை பச்சை.
அதன் வழியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம்.
கம்பளி கொண்டுபோனேன்.
ஏற்கெனவே அரிக்கிற உடம்பு,
ஐந்தே நிமிடத்தில் உதைத்துத் தள்ளியது.

லாரன்ஸ் ரோட்டுப் பஞ்சுக் கடையில்
மஸ்தான் கனி மூன்று மூட்டையை அவிழ்த்தார்.
மெத்தைக்கா, தலகாணிக்கா?
இரண்டும் இல்லை, மேலே போர்த்த.
மார்பை அமுக்கக் கூடாது.
அடிக்கடி துவைக்கணும், ரத்தக் கறை படும்.
அவர் கை ஒரு நொடி நின்றது.
பிறகு ஒவ்வொன்றாக எடுத்து
என் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்தார்,
குழந்தைக்கு வெந்நீர்ப் பதம் பார்ப்போமே, அங்கே.

இலவம்பஞ்சு: வைத்ததே தெரியவில்லை.
ஃபேன் காற்றில் எழுந்து போய்
தராசுத் தட்டில் தானே உட்கார்ந்துகொண்டது.
பாலியஸ்டர்: அமுக்கி விட்டால் மூச்சு வாங்கி எழுகிறது.
வெயிலைக் காட்டினால் போதும், காய்ந்துவிடும்.
வேர்வையை மட்டும் வாங்காது,
நம்மிடமே திருப்பித் தரும்.
பருத்தி கனம்.
ஈரத்தையெல்லாம் குடித்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் இருக்கும்.
எங்கள் வீட்டில் ஒருவர் அப்படித்தான் இருந்தார்,
சாயக் கம்பெனியில், பத்தொன்பது வருஷம்.

முதலில் தைத்தது இலவம்.
இரண்டே தடவையில் பஞ்செல்லாம்
கால்மாட்டுக்கு இறங்கிவிட்டது.
நெஞ்சின் மேல் வெறும் துணி.
"என் கால்வீக்கம் மாதிரியே" என்று சிரித்தார்.
பிரித்தேன்.
நாலு நாள் வரைக்கும் சாம்பாரில் பஞ்சு.

மறுபடி அடுக்கினேன்.
தோலை ஒட்டி அவருடைய பழைய வேட்டி,
அதன்மேல் பருத்தி, சப்பாத்திக் கனம்,
அதன்மேல் பாலியஸ்டர் ஒரு தாள்.
மூன்று விரலுக்கு ஒரு தையல், எதுவும் நகராதபடி.
எல்லாவற்றுக்கும் மேலே என் சுங்குடி.
இடது பக்கம் ஒரு வெட்டு, ஓரம் மடித்து.
ஊசி குத்திய கை கண்ணில் படவேண்டும் என்று
நர்ஸ் அமலோற்பவம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தென்பெண்ணைப் பாலம், கன்னியகோயில், அரியாங்குப்பம்.
பேருந்தில் எனக்கும் சன்னலுக்கும் நடுவே
டிக்கெட் வாங்காத ஆளாக அது வந்தது.

வார்டில் முதலில் எடை பார்ப்பார்கள்,
போன தடவைக்குப் பிறகு
எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று.
இரண்டு கிலோ நானூறு.
"இதையும் வைத்துப் பாருங்கள்" என்றார் விளையாட்டாக.
ஒன்று எண்ணூறு.
"அப்போ என் தாகம்தான் ஜெயிச்சுது."

நடுக்கம் நின்றது.
அரை மணி கழித்து மெல்ல,
"கொஞ்சம் கனக்குது."

எந்தத் தாள் கனக்கிறது என்று எனக்குத் தெரியும்.
ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, போதாதோ என்று
சுங்குடிக்கு அடியில்
கணக்கில் இல்லாமல் சொருகினேனே, அது.
அதற்கு மட்டும் ஓட்டுத்தையல்.
என் பயத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அமலோற்பவம் கத்தரிக்கோல் நீட்டினார்.
ஓரத்தைப் பிரித்து,
குழாய்களில் படாமல்
தாளை உருவினேன்.
கண்ணைத் திறக்காமலே
"ம்" என்றார்.

வராந்தாவில் இரும்பு நாற்காலி.
உருவியதை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பதினோரு மாதமாக உட்கார்கிற நாற்காலி,
இவ்வளவு நாளும் அதுவும் ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது.
பக்கத்தில் இருந்தவள் தொட்டுப் பார்த்தாள்.
எங்கே வாங்குனீங்க?
ஒரு மடிப்பைப் பிரித்து
அவள் பக்கம் நீட்டி விட்டேன்.
இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.